மூத்தவள் கேட்ட கறிக்கடை

786
ஆம்பூர், 12.5.1968

அன்புத் தங்கை உம்முசல்மாவுக்கு, அக்கா ரசியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். அத்தாவுக்கு இருமல் தேவலையா?

பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போன பக்கத்து வீட்டு லோகாம்பாள் அங்கே எட்டிப் பார்த்தாளாம். "உங்க அப்பா கறிக்கடைய இடிச்சித் தளம் போட்டுட்டாங்கமா. உன் தங்கச்சி கல்லாவுல உக்காந்துக்கினு இருக்குது" என்றாள்.

அந்த வீட்டில் பிறந்தவள் நானும்தான். நான் படுதாவைத் தாண்டிக் கடைப்பக்கம் வந்தாலே அத்தா கண்ணை உருட்டுவார். உனக்குக் கல்லாவே கிடைத்துவிட்டது. கறி வெட்ட வந்த ஷபியுல்லா உன்னைக் கட்டி முதலாளியும் ஆகிவிட்டார். தப்பாக நினைக்காதே சல்மா, வயிறு எரிகிறது.

உன் அக்கா,
ரசியா

காஞ்சிபுரம், 20.5.1968

அன்புள்ள அக்காவுக்கு சலாம்.

இடிக்கவில்லை அக்கா. ஒழுகின கூரை ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போட்டோம், அவ்வளவுதான். கடை ஆள் நின்றுவிட்டதால் கல்லாவில் உட்காருகிறேன். விடிந்தால் ரத்த வாடை. நீ அத்தர் பூசிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போகிறாயாம், எனக்கு அது இல்லையே.

அத்தா கத்தியைத் தொடுவதில்லை. வருகிறவர்களிடம் கட்டடத்தின் கதையைச் சொல்கிறார். வண்டிமாடு கட்டும் கொட்டாயாக இருந்ததாம், பாட்டனார் வாங்கிக் கல்சுவர் எழுப்பினாராம். ஒரு பெருமழையில் நெசவுக்காரர்களின் தறிக்குழிகளில் தண்ணீர் ஏறியபோது, கறி மாட்டும் கொக்கிகளைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவி, அவர்கள் தறியில் கட்டியிருந்த பட்டுப் பாவு நூலை அதில் தொங்கவிட்டுக் காப்பாற்றினாராம். அதிலிருந்துதான் நெசவுத்தெருவே நமக்கு வாடிக்கை.

தங்கை,
சல்மா

ஆம்பூர், 2.6.1968

சல்மா,

இந்தக் கதையை அத்தா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இவருக்குத் தோல் மண்டியில் வேலை போய்விட்டது. மூத்தவள் நான். கடையும் வீடும் எங்களுக்கு வேண்டும். அத்தாவை நான் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் நீ பார்த்தது போதும்.

ரசியா

காஞ்சிபுரம், 15.6.1968

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவரிடம் காட்டினேன். "உங்க அக்காவுக்கு உரிமை இருக்குது, சண்டை வேணாம்" என்றார். புது மார்க்கெட்டில் ஒரு கடை பிடித்திருக்கிறோம். செவிலிமேட்டில் குடியிருக்க வீடும் பார்த்தாயிற்று. நீங்கள் வந்து இருங்கள். அத்தா அந்தச் சுவரை விட்டு நகரமாட்டார், உன்னோடுதான் இருப்பார். நான் அழுதேன் என்று நினைக்காதே. அழுதேன்தான்.

சல்மா

காஞ்சிபுரம், 9.8.1968

சல்மாவுக்கு,

ஒரே ஊருக்குள் கடிதம் எழுதுகிறேன். நேரில் வர முகம் இல்லை.

அத்தா உன்னிடம் வந்து சேர்ந்தாரா? நேற்றுக் காலை, "சல்மா எங்கம்மா?" என்றார். "செவிலிமேடு போயிட்டா அத்தா. நான்தான் இருக்கேனே" என்றேன். "நீ இருக்கே, சரி. என்னைப் பஸ் ஏத்திவுடு" என்றார். கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டடத்துக்காக இருக்கிறார் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன்.

இன்று கல்லாவில் உட்கார்ந்தேன். நெசவுக்கார வீரபத்திரன் என்று ஒருவர் வந்தார். "பாய் இல்லீங்களா?" என்றார். இல்லை என்றேன். "சல்மாம்மா?" இல்லை என்றேன். "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். "இந்த வீட்டுப் பொண்ணு" என்றேன். சந்தேகமாகவே கறியை வாங்கிக்கொண்டு போனார்.

அத்தாவை நீயே வைத்துக்கொள். உன்மேல் எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே ஒரு நாள் வந்து என் பக்கத்தில் உட்காரு சல்மா. வருகிறவர்களிடம், இவள் என் அக்கா என்று சொல்லிவிட்டுப் போ.

ரசியா