மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒரே எஃப்-7

3 நவ. 87, செவ்வாய்
காலையிலிருந்து மழை. சிராங்கூன் சாலை நெடுகத் தண்ணீர். அச்சகத்தில் அழைப்பிதழ் வேலை குவிந்து கிடக்கிறது.

முதலாளி: “அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல எஃப்-7 தட்டினா கல்யாண அழைப்பு வருது. மாடியில தட்டினா பதினாறாம் நாள் காரியம் வருதுலா! சனிக்கிழமைக்குள்ள மூணும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லாட்டி ரோசலின் பார்த்துக்கட்டும்.”

ரோசலின், கிளமெண்டி கிளை. டிப்ளோமாக்காரி. நான் அகராதியை வைத்துக்கொண்டு கையேடு படித்தவன். நான் அமைத்தது நாற்பது விசைகள், ஒன்றைத் தட்டினால் ஒரு முழுப் பத்தி தானே வரும். நான்கு மாத உழைப்பு. அதை அவளிடம் கொடுப்பதா?

4 நவ., புதன்
சுவரில் ஒட்டினேன், கிளமெண்டிக்கும் ஒரு நகல்: ‘எந்தப் பிளாப்பியில் தேதி புதிதோ, அதுவே சரி. மற்ற எல்லாவற்றின் மேலும் அதை ஏற்றுக. விவாதம் வேண்டாம்.’

ரோ. போனில்: “யாரு எதை மாத்தினாங்கன்னு ஒரு நோட்டுல எழுதலாமே அங்கிள்?”
தேவையில்லை என்றேன்.

வாங்க வேண்டியவை: குடை, தைலம்.

6 நவ., வெள்ளி
நாற்பதும் சரிபார்த்தாயிற்று. பிளாப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, பஸ்ஸில் கிளமெண்டி. ரோ. கையில் கொடுத்தேன். நாளைக் காலை மூன்றிலும் ஏற்றுவாள். முழங்கால் வலி.

7 நவ., சனி
போச்சு.

எஃப்-7 தட்டினேன். காரியம். மூன்றிலும் காரியம். என் பிளாப்பியிலும் அதே பழைய விசைகள். வேறு நகல் இல்லை.

“வேணும்னே அழிச்சியா?” ரோ.விடம் கத்திவிட்டேன்.

“உங்க ரூல்தான் அங்கிள். என் பிளாப்பியில ஜூலைன்னு இருக்கு. உங்களுது எல்லாம் 1980, ஜனவரி ஒண்ணு.”

“எண்பதுல நம்மகிட்ட கம்ப்யூட்டரே இல்லையே!” முதலாளி சிரித்தார்.

“போன் பண்ணிக் கேட்கலாம்னுதான் நினைச்சேன். விவாதம் வேண்டாம்னு போட்டிருந்தீங்க.”

என் கம்ப்யூட்டருக்குள் கடிகாரம் இல்லை. போட்டதும் தேதி கேட்கும். நான்கு மாதமாக, ஒன்றும் கொடுக்காமல் எண்டர் தட்டித் தாண்டியிருக்கிறேன். என்னைக் கேள்வி கேட்க அது யார் என்று. கொடுக்காவிட்டால் 1980 என்று அதுவே போட்டுக்கொள்ளுமாம். கையேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை.

முதலாளி பிளாப்பிப் பெட்டியைத் தூக்கி ரோ. பக்கம் நகர்த்தினார்.

8 நவ., ஞாயிறு
யாரிடம் சொல்ல.

9 நவ., திங்கள்
மழை விட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் தேதி கேட்டது. கொடுத்தேன்.

ரோ. வந்து பக்கத்தில் நின்றாள். “எஃப்-7ல உங்க வாசகம் ஞாபகம் இருக்கா அங்கிள்? சொன்னீங்கன்னா நானே டைப் பண்ணிடுறேன்.”

மறந்துவிட்டது என்றேன்.

ஒரு கமா கூட மறக்கவில்லை.