சாமி இல்லை என்று சொல்ல வருகிறேன்

என் ஆசை அண்ணே,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. லண்டனில் இன்றும் மழைதான். நர்ஸ் வேலைக்கு வந்த நான் இப்போது ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன வேலை என்று மட்டும் நான் சொன்னதே இல்லை.

ஹண்டிங்டன் நோயில் இறந்தவர்களின் மூளைத் துண்டுகள் எங்களிடம் வருகின்றன. கைகால் தன்னிஷ்டத்துக்கு ஆடி, புத்தி கலங்கிச் சாகிற நோய். நம் மலை எஸ்டேட்டில் காலைப் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார் இல்லையா? புத்தகத்தில் எல்லார் பேரும் இருக்கும், வந்து நிற்கிறவர்கள்தான் அன்றைக்கு வேலை செய்வார்கள். மூளைச் செல்லுக்குள் மரபணுக்களும் அப்படித்தான். எது வேலைக்கு வந்திருக்கிறது, எது வரவில்லை என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. நோய் கண்ட மூளையில் பல மரபணுக்கள் வேலைக்கு வருவதே இல்லை. ஏன் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு வந்தது அதுதான். அவர் தள்ளாடியதைப் பார்த்துக் குடிகாரன் என்றே சொல்லிச் சொல்லிப் புதைத்தார்கள். உனக்கு வந்ததும் அதுதான். உன்னை மட்டும் சாமி ஆக்கிவிட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில், நான் லீவில் வந்திருந்த வருஷம். நோயின் பெயரை உன்னிடம் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாரியம்மன் திருவிழாவில் உறுமி அடிக்கும்போது உன் தோள் வெட்டி இழுத்தது. "ஆத்தா எறங்கிட்டா! வேப்பிலை கொண்டாங்கடா!" என்று கங்காணி கத்தினார். லயத்து வரிசை வீட்டு ஜனமே உன் காலில் விழுந்தது.

மறுநாள் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்ணே சீக்குன்னு சொல்லாம வாய மூடிக்கிட்டு நின்ன?"

"குடிகாரன்னு பேர் வாங்குறதுக்கு இது தேவலாம் லா, பாப்பா. கங்காணியே என்னயக் கும்புடுறாரு பாத்தியா?" சிரித்தாய். அப்புறம் குரல் இறங்கியது. "செல்விகிட்ட மட்டும் சொல்லிராத. அப்பன் சாமின்னே அவ நெனைச்சுக்கட்டும். சத்தியம் பண்ணு."

உன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். உன் கை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

இப்போது அண்ணி எழுதியிருக்கிறாள். "செல்விக்கு கோலா தெர்லாவுல மாப்பிள்ளை அமைஞ்சிருக்கு. சொந்தத் தோட்டம், லோரி எல்லாம் இருக்கு. சாமி எறங்குன வீட்டுப் பொண்ணுதான் வேணும்னு அவங்களே தேடி வந்தாங்க. எல்லாம் உங்கண்ணன் புண்ணியம்."

பெற்றவருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. செல்விக்கும் அப்படி, எனக்கும் அப்படி. எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. கோப்பை கைதவறினால் அன்று முழுக்க விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்கூட்டியே சொல்லும் ரத்தச் சோதனை ஏதோ வருகிறதாம். அதற்கு நோய் கண்ட சொந்தக்காரர் ரத்தமும் வேண்டுமாம். உன் ரத்தத்துக்கு நான் எங்கே போவேன்?

உன்மேல் எனக்குக் கோபம் அண்ணே. நீ சாமியாக இருந்த அத்தனை வருஷமும் உன்னிடம் திருநீறு வாங்கினார்களே, ஒருத்தராவது டாக்டரிடம் கூட்டிப்போனார்களா? ஆனால் உன் இடத்தில் நான் இருந்தால் வேறு என்ன செய்திருப்பேன்? குடிகாரி என்று பேர் வாங்கியிருப்பேனா?

நான் வாயை மூடிக்கொண்டால் உன் பேர் நிற்கும். செல்வி ஒன்றும் தெரியாமல் பிள்ளை பெறுவாள். அந்தப் பிள்ளைக்கும் உறுமி அடிப்பார்கள். என்னால் முடியாது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் தாப்பாவிலிருந்து பஸ் ஏறி மலைமேல் நம் எஸ்டேட்டுக்கு வருகிறேன். அண்ணிக்கும் முன்னால் செல்வியிடம் சொல்வேன், "உங்கப்பா சாமி ஆடலம்மா, சீக்குல ஆடினாரு" என்று. அவள் என்னை விரட்டலாம். கல்யாணம் நின்றுபோகலாம். தெரிந்தே அவள் கட்டிக்கொள்ளவும் செய்யலாம். முடிவு அவளுடையது.

உனக்குச் செய்த சத்தியத்தை உடைக்கிறேன், மன்னித்துவிடு. அதற்குப் பதில் இன்னொரு சத்தியம் செய்து தருகிறேன். அவளுக்கு வந்து எனக்கு வராவிட்டால், கடைசிவரை அவள் கையை நான் பிடித்துக்கொள்வேன். எனக்கும் வந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே ஆடுவோம். ஒருத்தரையும் கும்பிட விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பாப்பா