எண்ணிக்கை ஒன்று

மார்ச் 3

செய்ய வேண்டியவை, வரிசையாக:
1. அவள் தட்டெழுதும் வரியை வாங்கிக்கொள்ள, சி மொழியில் ஒரு நிரல்.
2. வரியில் எத்தனை சொற்கள் என்று அது எண்ண வேண்டும்.
3. எண்ணிக்கை ஏறினால் அவள் தேறுகிறாள், ஏறாவிட்டால் இல்லை.

பக்கவாதம் என் மனைவியின் பேச்சைப் பறித்துச் சில மாதங்களாகின்றன. தினமும் ஏதாவது தட்டெழுதட்டும், முன்னேற்றம் தெரியாவிட்டால் அவள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று பேச்சுப் பயிற்சியளிக்கும் அம்மாள் சொல்லிவிட்டார். கையாலேயே எண்ணலாமே என்றாள் மகள். என் கவனத்தின் மீது எனக்கு நம்பிக்கையில்லை. இந்த வயதில் சி மொழிப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறேன்.

மார்ச் 6

நிரலில் வரிக் கடைசியில் போட வேண்டிய அரைப்புள்ளி விட்டுப்போயிற்று. திருத்தினால் இன்னொரு அரைப்புள்ளி. சீ.

மார்ச் 9

ஓடுகிறது! இடைவெளிகளை எண்ணி ஒன்றைக் கூட்டுகிறேன். 'தண்ணீர் வேண்டும்' என்று அடித்தாள். 2 என்றது.

மார்ச் 14

7, 19, 38. ஏறுமுகம். மகளைத் தொலைபேசியில் அழைத்து எண்களை இருமுறை படித்துக் காட்டினேன்.

மார்ச் 17

பயிற்சி அறையில் ஈரத்துணி நாற்றம். எண்களைப் பெருமையாக நீட்டினேன். அந்த அம்மாள் மடிக்கணினியைத் திறந்து வரிகளைப் பார்த்தார்.

"என்ன சார், எல்லாம் வெறும் இடமா இருக்கு?"

'போதும்' என்று ஒரே சொல். பிறகு வரி முழுக்க வெற்றிடம். எரிச்சலில் இடைவெளிப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒவ்வொரு வெற்றிடத்தையும் சொல்லென்று எண்ணியிருக்கிறது என் நிரல். நான் எண்ணைப் பார்த்துப் பூரித்திருக்கிறேன். வரியைப் படித்தேனா? இல்லை. என்ன மனுஷன் நான் — தூ.

அடுத்த திங்கட்கிழமைதான் முன்னேற்றம் காட்டக் கடைசித் தவணை.

மார்ச் 18

வெற்றிடத்துக்குப் பின் எழுத்து வந்தால் மட்டுமே புதுச் சொல் என்று திருத்தினேன். 38 இருந்த இடத்தில் 1.

"இனிமே அந்தப் பொத்தானைத் தொடவே தொடாதே" என்று கத்திவிட்டேன். அவளிடம் நான் கத்தியதே கிடையாது. என் குரல் எனக்கே குமட்டியது. அவள் பொத்தானையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

மார்ச் 21

1. வரியைப் பார்க்கத் துணிவில்லை. மறுபடியும் வெறுமையாக இருந்தால்?

மார்ச் 22

1. சனியன் பிடித்த நிரல்.

மார்ச் 23

இன்றும் 1. மடிக்கணினியை மூடப் போனேன். அவள் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் திரையைத் தட்டிக் காட்டினாள். வேறு வழியில்லாமல் படித்தேன். மூன்று நாளாக இடைவெளிப் பொத்தானைத் தொடாமலே அடித்திருக்கிறாள்:

கத்தவும்தெரியுமாஉங்களுக்கு

இன்னிக்காவதுபடிச்சீங்களா

நாளைக்குநானேகாட்டிக்கறேன்நீங்கசும்மாஇருங்க

என் நிரலைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் ஒரு சொல். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தேன். என்மீதுள்ள அருவருப்பு தீரவில்லை. அவள் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள்.

மார்ச் 24

அவளே காட்டினாள். அந்த அம்மாள் எண்ணைக் கேட்கவில்லை; வாய்விட்டுப் படித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்தார்.

மார்ச் 3 பட்டியலில் மூன்றாவது குறிப்பு தவறு.