ஹரி அண்ணையின் முதுகு

என் அன்பான ஹரி அண்ணைக்கு,

உங்கள் மகள் மாலதி உங்களை அடித்துவிட்டா. அதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன், வேறு ஆரும் வந்து கோள் மூட்டுவதற்கு முன்.

இதை எழுதச் சொன்னதும் அவதான். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற எங்களுக்கு, வேலையில் கண்டதையும் கேட்டதையும் வெளியே விடக்கூடாது என்று சட்டம். மூன்று வருடம் என் வாய்க்குப் பூட்டு. பேரை மாற்றிவிட்டு எழுதுங்கோ, எல்லாரும் வாசிக்கட்டும் என்று மாலதி சொன்ன பிறகுதான் பேனையை எடுத்தேன்.

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில், மகளோடு இருக்க நீங்கள் வந்து குடியேறிய வீட்டுக்கு நான் மழையில் நனைந்து சைக்கிளில் வந்த முதல் காலை ஞாபகமா? குளிக்கச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று என்ன சண்டை! வங்காளத்தில் விவசாயிகளைத் திரட்டியவர், பிறகு சட்டசபையில் முழங்கிய கம்யூனிஸ்ட், ஒரு சவர்க்காரத்துக்குப் பயந்து குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கடைசியில் கழற்றினீர்கள். மகளுக்கே காட்டாத முதுகு. வலது தோளுக்குக் கீழே குண்டு புகுந்த தழும்பு.

நான் தமிழச்சி, அண்ணை. முதுகில் புண் என்றால் என்னவென்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. நீங்களாகத்தான் சொன்னீர்கள், பாதி டேனிஷிலும் பாதி ஆங்கிலத்திலும், வாளித் தண்ணீர் ஆறும்வரைக்கும்.

விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு விதைத்த சனம், அறுத்த நெல்லை நிலக்காரனின் களத்தில் போடாமல் தங்கள் முற்றத்திலேயே போடத் துணிந்த வருடம் அது. துணிய வைத்தது நீங்கள். நிலக்காரனின் அடியாட்கள் வந்து விவசாயிகள் இரண்டு பேரின் கையை வெட்டினார்கள். உங்கள் ஆட்கள் அந்த அடியாட்களில் ஒருவனை வரம்பில் விழுத்தி மண்வெட்டியால் கொத்தியே கொன்றார்கள். பிறகு போலீஸ் வந்தது. பெண்களைச் சுடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, தலையில் கதிர்க்கட்டுகளோடு அவர்களை முன்வரிசையில் நிறுத்தினீர்கள். உங்கள் மனைவி சரளாவையும்தான். அவ கைக்குழந்தை மாலதியைப் பக்கத்து வீட்டில் கிடத்திவிட்டு வந்தவ.

சுட்டார்கள். விழுந்ததெல்லாம் பெண்கள். சரளாவின் தாடை சிதறியதை நீங்கள் கண்ணால் கண்டீர்கள். கதிர்க்கட்டு அவவுக்கு மேலேயே விழுந்து நனைந்தது. நீங்கள் திரும்பி ஓடினீர்கள். ஓடும்போதுதான் குண்டு பட்டது.

ஊர் வேறு கதை கட்டியது. பெண்கள் தாங்களாகவே முன்னுக்குப் போனார்களாம், மனைவியைத் தூக்கப் போய் நீங்கள் சூடு வாங்கினீர்களாம். நீங்கள் மறுக்கவில்லை. அந்தக் கதைதான் உங்களைத் தேர்தலில் வெல்ல வைத்தது. அதைக் கேட்டே மாலதி வளர்ந்தா.

ஓடினதுக்காக நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஷெல் விழும்போது நானும் ஓடினேன். ஓடினவர்கள் எல்லாம் கோழைகள் என்றால் டென்மார்க்கில் பாதித் தமிழர் கோழைகள்தான். ஆனால் மற்றவர்களை முன்னுக்கு நிறுத்திவிட்டு ஓடுவது வேறு. அன்றைக்கு உங்கள் முதுகைத் தேய்த்தபோது என் கை கொஞ்சம் முரடாகத்தான் இருந்தது.

"நான் செத்தாப் பிறகு மகளுக்குச் சொல்லு, தங்கச்சி" என்றீர்கள். என்னிடம் படித்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லான 'தங்கச்சி'யைச் சரியான இடத்தில் பாவித்தீர்கள். நீங்களே சொல்லியிருக்கலாமே? அதற்கும் ஒரு பெண்ணைத்தானே முன்னுக்கு நிறுத்தினீர்கள்.

போன கிழமை நீங்கள் கண் மூடியதும், உங்கள் உடம்பைத் தானே கழுவவேண்டும் என்று மாலதி ஒற்றைக் காலில் நின்றா. துணைக்கு என்னைக் கூப்பிட்டா. இரண்டு பேருமாக உங்களைப் பக்கவாட்டில் திருப்பினோம். அவ தழும்பை விரலால் தொட்டா. எட்டி நெஞ்சைப் பார்த்தா. திரும்பவும் முதுகைப் பார்த்தா. அவ ஆஸ்பத்திரித் தாதி, குண்டு எந்தப் பக்கத்தால் போனது என்று தெரியாதா?

"அப்பா ஓடினவரோ?" என்று டேனிஷில் கேட்டா.

ஓம் என்றேன். மிச்சத்தையும் சொன்னேன், பெண்களை நிறுத்தியது ஆர் என்பதையும்.

ஈரத்துணி கையில் இருக்க, உங்கள் முதுகில் குத்தினா. எத்தனை தரம் என்று தெரியாது. கட்டிலோடு சேர்ந்து உங்கள் உடம்பு ஆடியது. நான் மறிக்கவில்லை, அண்ணை. மன்னியுங்கோ. களைத்துப்போய், அழுதுகொண்டே துணியைப் பிழிந்து, குத்திய இடத்தை முதலில் கழுவினா.

உங்கள் கட்சிக்காரர் ஊரிலிருந்து போன் எடுத்தார்கள். சுடப்பட்ட பெண்களின் நினைவுத்தூணுக்குக் கீழே உங்கள் சாம்பலை வைக்க, அறுவடைக் காலத்தில் பெரிய கூட்டமாம். மாலதி சம்மதித்துவிட்டா. ஒலிவாங்கியைத் தன்னிடம் தரவேண்டும் என்று மட்டும் கேட்டா. அங்கே நின்று உண்மையைச் சொல்லப்போகிறா. உங்கள் பேரைச் சொல்லி இன்னும் மண்டை உடைக்கிற ஊர் அது. கல் வரும் என்று அவவுக்குத் தெரியும்.

அறுவடைக் காலத்துக்கு நான் லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் மகளோடு போகிறேன். அவவை முன்னுக்கு விட்டுவிட்டு நான் பின்னுக்கு நிற்கமாட்டேன். கல் வந்தாலும் பக்கத்தில்தான் நிற்பேன்.

உங்கள் முதுகு கழுவிய தங்கச்சி,
ஜசிந்தா