யாழினியின் வக்கீலுக்கு

இன்று கோர்ட் வராந்தாவில் பக்கத்து பெஞ்சுக்காரி ஆரஞ்சு உரித்தாள். எனக்கு உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது, மேடம். என் யாழினிக்குப் பேச்சு வராது. ஆரஞ்சுத் தோலை மோந்தால் சிரிப்பாள் என்று கண்டுபிடித்தவர் நீங்கள்தான். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கைப்பையில் ஒன்று வைத்திருப்பீர்கள்.

அன்று எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் கொலு. அமெரிக்கா வந்தும், ஆட்டிசம் உள்ள பெண்ணை நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று, என் வீட்டுக்காரர் வழக்கம்போல் அவளை மாடி அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார். நான் கீழே சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஜன்னல் வழியாக கராஜ் கூரையில் இறங்கிவிட்டாள். பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிட்டார்கள். அவளை எங்களிடமிருந்து எடுத்து வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டார்கள்.

அவளுக்கென்று கோர்ட் போட்ட வக்கீல் தமிழ் என்றதும் எனக்கு உயிர் வந்தது. நம்ம ஆள், விட்டுக்கொடுக்க மாட்டார் என்று பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு, டப்பா நிறைய முறுக்கோடு வந்து உங்களிடம் எந்த ஊர் என்று விசாரித்தேன். திருச்சி என்றீர்கள். டப்பாவைத் தொடவில்லை.

"நான் உங்க வக்கீல் இல்லைங்க, அவளோட வக்கீல். வீட்டுக்கு அனுப்பாதீங்கன்னு இன்னிக்கு நான்தான் கேக்கப் போறேன்."

கேட்டீர்கள். ஜட்ஜும் ஒத்துக்கொண்டார். உங்களை நான் சபிக்காத நாளில்லை. மாரடைப்பில் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டபோது, பெற்ற வயிறு எரிந்தது சும்மா விடுமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு ஆத்திரம்.

உங்கள் இடத்துக்கு வந்தவர் யாழினியை ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை. இன்று ஃபைலைப் புரட்டிவிட்டு, அவள் வீடு திரும்ப ஆட்சேபணை இல்லை என்றார். என் வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சுவிட்டார். அதிகாரிகள் பார்க்க வருவதற்கு முன் அவர் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்தான். ஆனால் ஸ்க்ரூவோடு கவரில் போட்டு கராஜில் பத்திரமாக வைத்திருக்கிறார். எதற்கு என்று நேற்று கேட்டேன்.

"நாலு பேர் வந்து போற வீடு. வேற என்ன பண்ணச் சொல்ற?"

ஜட்ஜ் என் பக்கம் திரும்பி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அந்த அறையில் யாழினிக்காகப் பேச ஒருவரும் இல்லை, மேடம். எழுந்து கவரைப் பற்றிச் சொன்னேன். அவளை இப்போது அனுப்ப வேண்டாம் என்று, பெற்றவளே, என் வாயால் சொன்னேன்.

ஜட்ஜ் ஒத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் இனி என்னோடு பேசுவாரா, தெரியாது. உங்களுக்கு நன்றி சொல்ல இன்னும் மனசு வரவில்லை. யாழினி இன்றும் யார் வீட்டிலோதான் தூங்குவாள். அங்கே அவள் அறைக் கதவு திறந்திருக்கும்.