உலக சமாதானத்துக்காக

அக்டோபர், செவ்வாய் இரவு

ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டில் தங்கும். இன்று எங்கள் முறை. நம்பிக்கை இல்லாவிட்டாலும் தெருவாரிடம் மறுக்க முடியவில்லை.

ஜெபத்துக்கு முன் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வது வழக்கம். எதிர்வீட்டு அந்தோணியம்மாள், முகத்துவாரம் தாண்டி வலை போடப் போயிருக்கும் மகனுக்காகக் கேட்டாள். அடுத்து நான்.

என் மகள் ஜெனிக்கு நாளை மறுநாள் பெங்களூரில் ஆபரேஷன். கட்டி எப்படிப்பட்டது என்று இன்னும் தெரியாது. காலையில் கிளம்புகிறேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. இவர்கள் ஜெபத்தைக் கேலி செய்தே பழகியவள் எந்த முகத்தோடு கேட்பது?

“உலக சமாதானத்துக்காக,” என்றேன்.

“இன்னா டீச்சரம்மா, உலகத்துக்கே நீதான் அம்மாவா? ஜெனி பேரச் சொல்லு,” என்றாள் அந்தோணியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா.”

“அப்போ நல்லாவே இருக்கட்டும்னு நான் கேக்கறேன்,” என்று ஜெனி பெயரை அவளே சொன்னாள். நான் தலை குனிந்துகொண்டேன்.

எல்லோரும் போனபின் மெழுகுவத்தியை அணைக்கப் போனேன். அணைக்காமல், மாதாவிடம் “ஜெனி” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அதையும், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.