கேக் தட்டைத் தேடாதே

டிரைவரம்மா,

கேக் சுடும் அலுமினியத் தட்டைத் தேடி வீட்டைத் தலைகீழாக்காதே. அது காரின் பின்பம்பருக்குள் இருக்கிறது. படித்துவிட்டு அப்புறம் திட்டு.

பம்பரின் பிளாஸ்டிக் ஓரம் உருகியதும், நீ சுவரை ஒட்டி நிறுத்தி, புகை திரும்பி அடித்ததால்தான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். நீயும், "இனிமே நான் ஸ்டியரிங்கைத் தொட்டா ஏன்னு கேளுங்க" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டாய். அன்றிலிருந்து நான் ஓட்டுகிறேன். தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறது.

காலையில் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். உள்ளே போனது நான், வெளியே வந்தது கரிமூட்டை. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்து, குழாய் பம்பர் மேல் சாய்ந்து கிடந்தது. சூடு அங்கேதான். உன் மேல் தப்பே இல்லை. புது ரப்பர் மாட்டினேன். இனி சூடு தாக்காமலிருக்க, தட்டை வெட்டி, குழாய்க்கும் பம்பருக்கும் நடுவே, இரண்டிலும் படாமல், காரின் அடித்தகட்டில் முடுக்கிவிட்டேன்.

தெருமுனை மெக்கானிக் அந்த வழியாக வந்தவர் எட்டிப் பார்த்து, "சார், பேசாம பம்பரையே மாத்திடுங்க" என்றார். "அடுப்புக்கே அசராத தட்டுப்பா, புகைக்கா பயப்படும்?" என்றேன்.

புதுத் தட்டு வாங்க நடந்தே போகிறேன். சோறு ஹாட்பாக்ஸில். சாயந்திரம் உன் அக்கா வீட்டுக்கு நீதான் ஓட்டுகிறாய். சாவி உன் கண்ணாடிக் கூட்டில். மாட்டேன் என்றால் நான் ஓட்டுவேன். அக்கா தெருவுக்கும் சொல்லி வை.

சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே நிறுத்து, புகை திரும்பி அடிக்காது. இது புகார் இல்லை.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: வழியில் "பிரேக், பிரேக்" என்று கத்த மாட்டேன்.

பக்கத்து சீட்டுக்காரன்